மூன்றாம் வரியின் வளையல் சத்தம்

அன்புள்ள அக்காவுக்கு, உன் மூட்டை எழுதுவது.

“யார் யார் இருந்தீங்க, யாரு எங்க உட்கார்ந்திருந்தீங்கன்னு முதல்ல எழுதுடா, அப்பதான் எனக்குக் கண்ணுல தெரியும்” என்று ஒவ்வொரு கடிதத்துக்கும் குறை சொல்வாய். இந்த முறை அதிலிருந்தே தொடங்குகிறேன்.

போன ஞாயிறு, சாப்பாட்டுக்குப் பிறகு, எங்கள் வீட்டு முன்னறை. ஜன்னலோரம் தரையில் என் மனைவி; எதிரே மலைபோலத் துவைத்த துணி, மடித்துக்கொண்டிருந்தாள். சுவரோரம் சுருட்டி வைத்த மெத்தைமேல் உன் மகள் வாண்டு, காலையும் நீட்டி முகத்தையும் நீட்டி. வாசலருகே செருப்பு அலமாரிமேல் நம் வருங்கால மாப்பிள்ளை. வீட்டில் நாற்காலி இல்லாமல் இல்லை. லிஃப்ட் பழுது பார்க்கிறவர் அல்லவா, நாள் முழுக்க இடுக்குகளில் உட்கார்ந்து பழகி, விசாலமாக இடம் கொடுத்தால் கூச்சப்படுகிறார். நான் மேஜைப் பக்கம், கைப்பிடி இல்லாத நாற்காலியில். கைப்பிடி இருந்தால் நாலு கம்பி யுகுலேலே வாசிக்கும்போது முழங்கை இடிக்கும். மேஜைமேல் என் கம்ப்யூட்டரும் அப்பாவின் பழைய டேப் ரிக்கார்டரும். வாண்டுடைய யுகுலேலே, என்னுடையது இரண்டும் உறைக்குள், ஜிப் இழுத்து மூடியபடி, மூலையில் சாய்ந்திருந்தன.

அவற்றை உறைக்குள் அனுப்பியது நீதான். வெள்ளிக்கிழமை போனில் நீ சொன்ன வார்த்தை.

உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் வரிசை கெடாமல் எழுதிவிடுகிறேன். கடைத் தராசுகளைச் சரிபார்ப்பதையே உத்தியோகமாக வைத்திருப்பவன் கை, எதையும் முள் நடுவில் நிற்கும்வரை விடாது. வாண்டுடைய கல்யாணத்துக்குப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு, பக்கத்துச் சின்ன ஹாலில் இரண்டு வீட்டாரும் உட்காரப்போகிறோம். அங்கே நீ பாடவேண்டும் என்பது வாண்டு உன்னிடம் கேட்ட ஒரே பொருள். நகை கேட்கவில்லை, துணி கேட்கவில்லை. என்னை இடுப்பில் தூக்கித் தூங்கவைக்க நீயே கட்டிய அந்தப் பாட்டு. நீயோ பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் “இவளுக்குத் தாளமே கிடையாது, வாயை மட்டும் அசைக்கட்டும்” என்று எல்லார் முன்னாலும் சொன்ன நாளிலிருந்து, கதவு சாத்திய வீட்டுக்கு வெளியே பாடியதே இல்லை. வாண்டுக்கும் பாடியிருக்கிறாய். ஆனால் “மூணாவது வரி வரைக்கும் நான் முழிச்சிருந்ததே இல்ல மாமா” என்கிறாள். பாட்டு முழுதாக இருப்பது ஒரே இடத்தில். அப்பா, தன்னிடம் பழுதுக்கு வந்த டேப் ரிக்கார்டர் ஒன்றைச் சோதிக்கிறேன் என்று பட்டனை அழுத்தியபோது, நீ பின்னால் நடந்துகொண்டே பாடியது விழுந்ததே, அந்தக் கேசட்டில்.

நீ ஒரு வாரம் யோசித்து, “பின்னாடி நீங்க ரெண்டு பேரும் வாசிச்சாத்தான். தனியா நிக்கமாட்டேன்” என்று சம்மதித்தாய். நீ ஹாலுக்கு வந்து சேர்வதே அன்றைக்குக் காலையில்தான் என்பதால், ஒத்திகைக்கு வழியில்லை. எனவே நாங்கள் பக்கவாத்தியத்தை மட்டும் வாசித்துப் பதிந்து, மெமரி கார்டில் போட்டு உனக்கு அனுப்பினோம். நீ அதைத் தையல் கடை ஸ்பீக்கரில் போட்டுப் பாடிப் பழகவேண்டும் என்பது ஏற்பாடு.

பழகினாய். வெள்ளிக்கிழமை போன் செய்தாய். “நாலாவது வரியில நான் முன்னாடி ஓடிடுறேன்டா. நீங்க பின்னாடி வர்றீங்க. எத்தனை தடவை போட்டாலும் அதே கதைதான். டீச்சர் அன்னைக்கே சரியாத்தான் சொன்னாங்க. எனக்குத் தாளம் வராது. என்னை விட்டுடுங்க.”

வாண்டு இரண்டு யுகுலேலேயையும் உறைக்குள் வைத்தாள். ஜிப்பை இழுத்தாள்.

இப்போது முதல் கார்டு எப்படித் தயாரானது என்று சொல்லவேண்டும்.

யுகுலேலேயை நீ போட்டோவில் பார்த்துவிட்டு “கிட்டாருக்குப் பிறந்த கைக்குழந்தையா?” என்று கேட்டாய். அதேதான். நாலே கம்பி. ஆனால் கிட்டாரைப்போலத் தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பிக்கு ஒழுங்காக இறங்காது. முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நாலாவது கம்பியும் மெல்லியது, உச்சத்தில் கூவும். கட்டை விரல் அதைத் தொட்டதும் அடியில் கும்மென்று வரும் என்று எதிர்பார்த்தால், மேலே கிண்ணென்று வரும். பாடுகிறவர் குரலுக்கு மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். வீட்டுக்கு வந்த விருந்தாளி கட்டிலில் படுத்துக்கொள்வதுபோல. அந்தக் கம்பியை எங்கே தொடக்கூடாது என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு வாரம் ஆனது.

அடுத்தது சுருதி. கேசட்டில் நீ பதின்மூன்று வயதுக் குரலில் கிளிபோலப் பாடுகிறாய். இப்போது உன் குரல் இறங்கி, நல்ல கனமாக இருக்கிறது; அதற்கு எஃப் சுருதிதான் பொருந்தியது. விரல் பிடிக்க எளிதான சி சுருதியில் வாசித்து, யுகுலேலேயின் கழுத்தில் ஒரு கிளிப்பை மாட்டி எஃப் வரை ஏற்றிக்கொள்ளலாம் என்றேன். மாட்டிப் பார்த்தோம். “கொசு பாடுற மாதிரி இருக்கு மாமா” என்றாள் வாண்டு. ஆகவே நேராக எஃப்-இல் கட்டினோம். எஃப், டி மைனர், பி ஃப்ளாட், சி செவன் என்று நாலு விரல்பிடிகள், அவ்வளவுதான் பாட்டு. இதில் பி ஃப்ளாட் என்பது ஒரு கொடுமை. ஆள்காட்டி விரலைப் படுக்கப்போட்டு இரண்டு கம்பியைச் சேர்த்து அமுக்கவேண்டும், மிச்ச இரண்டு விரல் மேலே எட்டவேண்டும். முதல் பத்து நாள் அந்த இடம் வரும்போதெல்லாம் என் யுகுலேலே இருமியது. அலுவலகத்தில் எடைக்கல்லைத் தூக்கினால் விரல் நுனி எரிந்தது. என் மனைவி, “கையைக் காட்டுங்க. பாருங்களேன், கம்பி தடம் அப்படியே விழுந்திருக்கு. ஏதோ பெரிய வித்வான்!” என்று சொல்லித் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். நான் விரலால் மீட்டுவது, அவள் எல்லாக் கம்பியையும் சேர்த்து வருடுவது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முழுசாக வாசித்தால், ஒரே அளவுக் குரல் உள்ள இரண்டு பேர் ஒன்றாகப் பேசுவதுபோல இருந்தது. அதனால் முதல் சுற்று முழுக்க என் விரல்கள் மட்டும்: கட்டை விரல், ஆள்காட்டி, கட்டை விரல், நடுவிரல். இரண்டாவது சுற்றில் அவள் கீழ், கீழ்-மேல், மேல்-கீழ்-மேல் என்று நகத்தின் முதுகால் மெல்ல வருட, நான் ஒவ்வொரு அடியிலும் ஒரே ஒரு கம்பி. நிறைவுச் சுற்றில் இரண்டும் சேர்ந்து, ஆனால் உன் குரலுக்குக் கீழே.

இவ்வளவும் நன்றாகத்தான் செய்தோம். கெடுத்தது இதற்கு முந்தைய வேலை. கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றியவன் நான். அப்பாவின் இருமல், நாற்காலி இழுபடுவது, நடுநடுவே ஏதோ ‘க்ளிங்’ என்ற ஓசை, எல்லாவற்றையும் இரைச்சல் என்று வடிகட்டினேன். பாட்டு மட்டும் கண்ணாடிபோல வந்தது. பிறகு ஒவ்வொரு வரியிலும் தாள அடிகளை எண்ணினேன். எட்டு, எட்டு, ஏழு, எட்டு. மூன்றாவது வரியில் ஓர் அடி குறைகிறது. நீ சின்னப் பெண், அவசரப்பட்டிருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லாமல் அங்கே ஓர் அடி மௌனத்தை வெட்டி ஒட்டி எட்டாக்கினேன். முள் நடுவில் நின்றது. எனக்கும் நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

வாண்டு வாசித்துப் பழகும்போதே, “மாமா, இந்த இடத்துல ஏதோ ஒரு படி கூட இருக்கிற மாதிரி கால் தடுக்குது” என்றாள். “எண்ணிப் பாரு, சரியா எட்டு இருக்கும்” என்றேன். எண்ணினாள். இருந்தது. மேற்கொண்டு வாசித்தாள்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

உன்னை எப்படிச் சமாதானப்படுத்துவது என்று பேசத்தான் கூடினோம். பேச்சு நகரவே இல்லை.

“அம்மாவைக் கட்டாயப்படுத்தாதீங்க. அவங்க அழற குரல் எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை அழுதுட்டுத்தான் போனை வெச்சாங்க” என்றாள் வாண்டு.

“வேணும்னா நான் பாடறேன்” என்றார் மாப்பிள்ளை.

“நீங்க பாடினா பதிவாளர் கையெழுத்தை வாபஸ் வாங்கிடுவாரு.”

“அப்ப நல்லதுதானே, மறுபடி ஒரு தடவை கல்யாணம் பண்ணிக்கலாம்.”

வாண்டு சிரிக்கவில்லை. அவரும் செருப்பு அலமாரிமேல் இன்னும் கொஞ்சம் சுருங்கிக்கொண்டார்.

நான் கம்ப்யூட்டரில் அந்தக் கண்ணாடிப் பாட்டைப் போட்டுக் காட்டினேன், எங்கே தடுக்குகிறது என்று கண்டுபிடிக்க. என் மனைவி தலையணை உறையை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சங்கீதம் வெகுதூரம் என்பது உனக்குத் தெரியும். பாட்டு முடிந்ததும், “என்னங்க, இதுல அண்ணி வளையல் சத்தம் வருமே, அது எங்க?” என்றாள்.

“எந்த வளையல்?”

“கேசட்டுல வருமே. நீங்க ஆபீஸ் போன பிறகு நான் அடிக்கடி போட்டுக் கேட்பேன். பாட்டுக்காக இல்ல, அந்த வளையலுக்காக. சின்னப் பொண்ணு ஒண்ணு வீட்டுக்குள்ள நடமாடுற மாதிரி இருக்கும். அதைப் போய் யாராவது எடுப்பாங்களா?”

டேப் ரிக்கார்டரில் கேசட்டைப் போட்டோம். அப்பா இருமினார். பிறகு நீ.

படியேறி வந்திருக்கும் மஞ்சள் வெயிலே
ஒருநிமிஷம் உட்கார்ந்து ஊர்க்கதை சொல்லு
தொட்டிலுக்கு அடங்காத குட்டித் திருடன்

க்ளிங். உடனே, மூச்சுவிடாமல்,

தூங்கும்வரை என்கூடத் துணைக்கு நில்லு.

“மறுபடி” என்றாள் வாண்டு. மெத்தையிலிருந்து இறங்கிவிட்டாள்.

இரண்டாவது சுற்றிலும் அதே இடத்தில் க்ளிங், அதே இடத்தில் அடி குறைவு. மூன்றாவதிலும் அப்படியே. ஒரு முடிவோடு அடித்ததுபோல. அவசரப்பட்ட பெண் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவுக்கா அவசரப்படுவாள்? எனக்குக் காது சூடானது. தவறான எடைக்கல்லை வைத்துக்கொண்டு கடை கடையாகத் தராசைத் திருத்திவிட்டு வந்தவன்போல உட்கார்ந்திருந்தேன்.

“ஆனா அங்க ஏன் வளையல் அடிக்குது?” என்றார் மாப்பிள்ளை.

என் மனைவி துணியை ஒதுக்கிவிட்டு எழுந்தாள். “உங்க அக்கா உங்களை எதுல வெச்சுக்கிட்டுப் பாடினாங்க?”

“இடுப்புல.”

“நீங்க என்ன எடை இருப்பீங்க அப்ப?”

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. மூட்டை என்று நீ சும்மாவா பெயர் வைத்தாய்? என் வேலைப் பெட்டியிலிருந்து சோதனை எடைக்கற்களை எடுத்தேன். பத்துக் கிலோவுக்குக் கணக்கிட்டு, துண்டில் சுற்றி, மேலே ஒரு முடிச்சுப் போட்டேன்.

“குழந்தை அப்படியே மாமா ஜாடை” என்றார் மாப்பிள்ளை. “தலை இரும்பு.”

வாண்டு அதை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். மனைவி தன் இரண்டு வளையல்களைக் கழற்றி அவள் கையில் மாட்டினாள். முன்னறையிலிருந்து சமையலறை வரை நடந்துபோய்த் திரும்பி, நடந்துகொண்டே பாடினாள். முதல் வரி சுகமாக. இரண்டாவது வரியில் தோள் சாய்ந்தது. மூன்றாவது வரியில் முகம் சுளித்தது. ‘குட்டித் திருடன்’ என்றதும், அவள் நினைக்காமலே, மூட்டையை அந்த இடுப்பிலிருந்து இந்த இடுப்புக்குத் தூக்கிப் போட்டாள். க்ளிங்.

அப்படியே நின்றுவிட்டாள்.

“இங்கதான்! இடுப்பு மாத்துற இடம் இது! மாமா, இங்க குழந்தை குலுங்கும்ல? அப்ப ஒரு அடி சும்மா விட்டா கண்ணைத் திறந்துடும். அதான் அம்மா சும்மா விடவே இல்ல. உடனே அடுத்த வரியைப் போட்டு மூடிட்டாங்க!”

அக்கா, அந்த ஓர் அடி உன் தாளத்தில் விழுந்த ஓட்டை என்று நினைத்து நான் அடைத்தேன். அது நான் விழித்துக்கொள்ளாமல் இருக்க நீ எடுத்துப்போட்ட அடி. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகும் உன் குரல் அங்கே இடுப்பு மாற்றிக்கொண்டிருக்கிறது. கார்டில் இருக்கும் நாங்கள்தான் அது தெரியாமல் நின்றுகொண்டிருந்தோம்.

உடனே உனக்குப் போன் செய்து சொல்லிவிடலாம் என்றேன். வாண்டு தடுத்தாள். “சொன்னா அம்மா எண்ண ஆரம்பிச்சுடுவாங்க. எண்ணினா வராது. முதல்ல சோதிச்சுப் பார்க்கலாம்.”

ஆகவே அன்று சாயங்காலம் வந்த போன் வெறும் விசாரிப்பு இல்லை. “லைன் சரியா கேக்குதான்னு பார்க்கணும், ரெண்டு வரி பாடுக்கா” என்று நான் கேட்டேன் அல்லவா? நீ திட்டினாய். “ஞாயித்துக்கிழமைகூட எனக்கு ஓவர்டைம்டா. சட்டைக்குக் காலர் வெச்சுக்கிட்டிருக்கேன். லைனைப் பார்க்கப் பாட்டா கேப்பான் ஒருத்தன்? ஒண்ணு ரெண்டு மூணு சொன்னா போதாதா?” பிறகு பாடினாய். பின்னால் உன் தையல் மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

இந்தப் பக்கம் என்ன நடந்தது என்று கேள். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். வாண்டு யுகுலேலேயை உறையிலிருந்து எடுத்து, ஓசை உனக்குக் கேட்காதபடி இடது கையால் கம்பிகளைப் பொத்திக்கொண்டு, வலது கையால் ‘ட்சக் ட்சக்’ என்று மெல்ல வருடிக்கொண்டே உன்னைத் தொடர்ந்தாள். எட்டு. எட்டு. மூன்றாவது வரி வந்தது. மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். ஏழு, அப்படியே மடிந்து அடுத்த வரி. வாண்டுடைய கையும் நீயும் ஒன்றாக இறங்கினீர்கள். “சரியா கேக்கலக்கா, இன்னொரு தடவை” என்றேன். மறுபடி திட்டினாய், மறுபடி பாடினாய், மறுபடி ஏழு. மூன்றாவது தடவை காலர் கோணிவிட்டது என்று கத்திக்கொண்டே பாடினாய். அப்போதும் மயிரிழை பிசகவில்லை.

போனை வைத்ததும் வாண்டு யுகுலேலேமேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். அழுகிறாளோ என்று மாப்பிள்ளை பதறி எழுந்ததில், செருப்பு அலமாரியின் கதவு கழன்று, அத்தனை செருப்பும் கொட்டின. நிமிர்ந்தவள் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது. “அந்த டீச்சர் மட்டும் இப்ப கிடைச்சா...” என்றாள்.

“கிடைச்சா என்ன பண்ணுவ?” என்றேன்.

“அவங்க இடுப்புல இந்த மூட்டையை வெச்சுப் பாடச் சொல்லுவேன்.”

உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. உனக்குச் சுலபமாக வரும் அந்த ஏழு, எங்கள் கைகளுக்கு வரவில்லை. நாலு நாலாகப் பழகிய கை, செக்குமாடு மாதிரி நாலைச் சுற்றியே வருகிறது. என் கட்டை விரல் எட்டாவது அடியைத் தானே போட்டுவிட்டு, பிறகு என்னைப் பார்த்து விழிக்கும். திங்கள் முழுக்க அந்த ஒரு வரியை மட்டும் வாசித்தோம். மெதுவாக, இன்னும் மெதுவாக, சுவர்க் கடிகாரம்கூட அலுத்துப்போகும்படி. எண்ணிப் பார்த்தால் தடுக்கியது. எண்ணாவிட்டால் தொலைந்துபோனோம்.

வழி காட்டியது அந்த எடைக்கல் மூட்டைதான். வாசிக்கும்போது இருவரும் இடம் வலமாகச் சாய்ந்தாடத் தொடங்கினோம், குழந்தையை வைத்திருப்பதுபோல. ‘திருடன்’ வரும்போது சாய்ந்திருக்கும் பக்கத்தை மாற்றவேண்டும். கை தானாக மடிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் படகில் போகிற இரண்டு பேர் போல இருக்கிறதாம். ஹாலில் அப்படித்தான் உட்காரப்போகிறோம், இப்போதே சொல்லிவைக்கிறேன், சிரித்துவிடாதே.

இசையையும் கொஞ்சம் மாற்றினேன். மூன்றாவது வரியின் முடிவில் வாண்டு வருடுவதை நிறுத்திவிடுகிறாள். நான் பி ஃப்ளாட்டில் மூன்றே மூன்று மீட்டல்: கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல். நாலாவது இல்லை. மூன்றாவது மீட்டலோடு ஒரு க்ளிங். அடுத்த நொடி சி செவனில் அவள் கை முழுசாக இறங்குகிறது.

அந்த க்ளிங், என் மனைவியின் பொறுப்பு. ஒரே ஒரு சத்தம்தானே என்று நினைக்காதே. அவள் இரண்டு நாள் அதையே பழகினாள். அவள் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் வாடிக்கையாளருக்கு மூக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டே, “குட்டித் திருடன், க்ளிங்” என்று முணுமுணுத்தாளாம். வாடிக்கையாளர் முறைத்தாராம்.

“முந்திட்டேனா?”

“இல்ல அத்தை, கொஞ்சம் பிந்திட்டீங்க.”

“அப்ப முன்னாடி முந்தினதுக்கும் இப்ப பிந்தினதுக்கும் சரியாப்போச்சு, விடு.”

இப்போது ஊசிபோல வைக்கிறாள். எங்கள் மூவரில் தவறாமல் வருவது அவள் ஒருத்திதான்.

நேற்று பதிந்தோம். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னல்களைச் சாத்தி, வியர்வை சொட்டச் சொட்ட. எங்கள் மாடியில் லிஃப்ட் வந்து நிற்கும்போதெல்லாம் ‘டொய்ங்’ என்று மணி அடிக்கும். நல்ல நல்ல பதிவெல்லாம் அதில் வீணாயின. மாப்பிள்ளை ஒன்றும் சொல்லாமல் வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் மணி ஓய்ந்தது. பதிந்து முடித்துக் கதவைத் திறந்தால், லிஃப்ட் வாசலில் ‘பராமரிப்புப் பணி’ என்ற பலகை, பக்கத்தில் அவர், காய்கறிப் பையோடு படியேறி வந்த மேல்வீட்டுக்காரரிடம் மிக மரியாதையாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய பையை இவரே தூக்கிக்கொண்டு ஐந்தாம் மாடிவரை போய் விட்டுவிட்டு வந்தார். உன் மகள் தப்பான ஆளைப் பிடிக்கவில்லை அக்கா.

இனி கார்டைப் பற்றி. முதல் பாட்டு, ஹாலில் வாசிக்கப்போவது. இரண்டாவது, அதே வாசிப்பு மெதுவாக. மூன்றாவது, என் விரல் மீட்டல் மட்டும், நீ துணி வெட்டும்போது சும்மா கேட்பதற்கு. பழைய கார்டைத் தூக்கி எறிந்துவிடு. எப்போது தொடங்குவது என்று பயப்படாதே. ஒன்று, இரண்டு, மூன்று என்றெல்லாம் எண்ணவில்லை. கேசட்டிலிருந்து அப்பாவின் இருமலை எடுத்து முன்னால் வைத்திருக்கிறேன். அவர் இருமியதும் அன்று தொடங்கினாயே, அதேபோலத் தொடங்கு. ஹாலிலும் அந்த இருமலைத்தான் போடப்போகிறோம்.

எண்ணவே எண்ணாதே. மிஷினை ஓட்டிக்கொண்டே பாடு, அதுதான் உனக்கு நல்லது. நாலாவது வரியில் நீ ஓடுகிறாயா, நாங்கள் பிந்துகிறோமா என்று பார்க்காதே. நாங்கள் உன்கூடத்தான் வருகிறோம், போனில் வந்து பார்த்துவிட்டோம். எங்கேயாவது பயமாக இருந்தால் மட்டும் துணி மூட்டை ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு நட. அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து மேஜையில் தாளம் போட வந்தால், அன்போடு கடைக்கு அனுப்பிவை. அவர் போடும் தாளத்துக்கு எந்தத் தராசிலும் முள் நிற்காது.

பாடியபின் போன் செய். பாடாமல் செய்யாதே.

ஓரத்தில் கிறுக்கலாக இருப்பது வாண்டு எழுதியது. நான் படிக்கக்கூடாது என்று கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள், தாளைத் திருப்பும்போது கண்ணில் பட்டுவிட்டது: “அம்மா, இந்தத் தடவை மூணாவது வரியைத் தாண்டி முழிச்சிருப்பேன்.”

மெமரி கார்டை அட்டைத் துண்டில் ஒட்டி, அதைக் கடிதத்துக்குள் வைத்து மடிக்கிறேன். தடிமன் கூடிவிட்டது, எடை போட்டுப் பார்த்துத்தான் தபால்தலை ஒட்டியிருக்கிறேன். என் தராசு இந்த ஒரு விஷயத்திலாவது தப்பாது. மாப்பிள்ளை ஹெல்மெட்டோடு வாசலில் நிற்கிறார், தபால் நிலையத்தை மூடுவதற்குள் கொடுத்துவிடுவாராம். என் மனைவி பசைக் குப்பியை நீட்டிக்கொண்டு, “முடிங்க, மீதியை நேர்ல பேசிக்கலாம்” என்கிறாள். அவள் கை அசைந்ததில் வளையல் ஒலித்தது. சரியான இடத்தில்தான்.

உறையை ஒட்டிவிட்டேன் என்று எழுத வழியில்லை, ஒட்டினால் எழுதமுடியாது. இதோ, ஒட்டப்போகிறேன்.

உன் இடுப்பில் இன்னும் கனக்கும்,
மூட்டை